கன்சோல் விளையாட்டுக்கு வீட்டு ரவுட்டர்: எதில் காசு போடலாம், எதில் வேண்டாம்

பொத்தானை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரையில் ஆள் நகர்கிறான். குறி தவறாமல் சுட்டும் எதிரி விழவில்லை. பந்து நம் வீரன் காலில் இருந்தது, அடுத்த நொடியில் எதிரணியின் காலில் இருக்கிறது. வீட்டில் கன்சோல் வைத்து இணையத்தில் விளையாடுகிறவர்களுக்கு இந்த எரிச்சல் பழக்கமானது. உடனே செய்யப்படுவது இரண்டு. ஒன்று, இணையப் பிளானை 100 மெகாபிட்டிலிருந்து 300க்கு உயர்த்துவது. இன்னொன்று, ஆறேழு ஆன்டெனா நீட்டிய கேமிங் ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டுவது. இரண்டிலும் பணம் போகிறது; ஆட்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

என் கணக்கில் வரிசை வேறு. முதலில் கம்பி. பிறகு ரவுட்டருக்குள் டேட்டா வரிசையில் நிற்கும் விதம். அதற்குப் பிறகு நேட், அதாவது வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே இணைய முகவரியில் வெளியே போக ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம். புதுப் பெட்டி வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. தமிழ்நாட்டின் சாதாரண வீடு ஒன்றை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்: கீழ்த்தளத்து வரவேற்பறைக்கு ஃபைபர் வருகிறது, இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி அங்கே சுவரில் தொங்குகிறது, கன்சோலும் டிவியும் மாடி அறையில் இருக்கின்றன, நடுவே ஒரு கான்கிரீட் தளம்.

போட்டி ஆட்டங்களில் பெரும்பாலானவை வினாடிக்கு ஒரு மெகாபிட் கூட எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் ஆள் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான், எதை அழுத்தினான் என்ற சிறு செய்திகள்தான் போய் வருகின்றன. பாக்கெட் எனப்படும் இந்தச் சிறு டேட்டாத் துண்டுக்கு 40 மெகாபிட் இணைப்பும் 300 மெகாபிட் இணைப்பும் ஒன்றே. வேகமான பிளான் வேறொன்றில் நிச்சயம் உதவும். 100 ஜிகாபைட் ஆட்டத்தைத் தரவிறக்க 40 மெகாபிட்டில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், 300 மெகாபிட்டில் முக்கால் மணி நேரம். தரவிறக்கத்துக்காகக் காத்திருப்பதுதான் உங்கள் வருத்தம் என்றால் பிளானை உயர்த்துங்கள், தாராளமாக. ஆட்டம் இழுப்பது வருத்தம் என்றால் அந்தப் பணம் வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

ஆட்டத்தைத் தீர்மானிப்பவை மூன்று: பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம், அதாவது பிங், அந்த நேரம் ஏறி இறங்கும் அளவு, அதாவது ஜிட்டர், வழியில் தொலைந்துபோகும் பாக்கெட்டுகள். இவற்றில் மிகவும் கெடுப்பது ஜிட்டர் என்பேன். பிங் எப்போதும் 60 மில்லி வினாடி என்றால் கை அதற்குப் பழகிக்கொள்ளும், ஆட்டத்தின் நிரலும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 25 என்று நின்று, திடீரென்று 140க்குத் தாவி, மறுபடி 25க்கு வந்தால் எந்தக் கையும் பழகாது.

பிங்குக்கு ஒரு அடிமட்டம் உண்டு, எந்த ரவுட்டரும் அதற்குக் கீழே போகாது. கண்ணாடி இழையில் ஒளி மில்லி வினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லி வினாடி. சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். அங்கே சர்வர் இருக்கும் ஆட்டத்துக்குக் குறைந்தது 29. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் பல கருவிகள் நிற்கின்றன, ஆகவே நிஜத்தில் இதைவிடக் கூடுதலாகவே வரும். வீட்டுக்குள் நாம் செய்வதெல்லாம் இந்த அடிமட்டத்தின் மேல் நம் பங்குக்கு ஒன்றும் ஏற்றாமல் பார்த்துக்கொள்வதுதான்.

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். கன்சோல் இருக்கும் இடத்தில் ஒரு லேப்டாப்பை வைத்து, கன்சோல் இணைந்திருக்கும் அதே வழியில் அதையும் இணையுங்கள். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் கட்டளையை நிறுத்தாமல் சில நிமிடம் ஓடவிடுங்கள். கம்பியில் எல்லா வரியும் ஒரு மில்லி வினாடிக்குள் இருக்கும். வைஃபையில் 2, 3, 4 என்று போய் நடுநடுவே 60, 90 என்று குதித்தால் கோளாறு உங்கள் வீட்டுக் காற்றில் இருக்கிறது. அடுத்ததாக வீட்டுக்கு வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு ஓடவிட்டு, அதே நேரத்தில் கைபேசியிலிருந்து பெரிய வீடியோ ஒன்றைக் கிளவுடுக்கு ஏற்றுங்கள். ஏற்றத் தொடங்கியதும் எண் எகிறினால் கோளாறு வரிசையில். இரண்டிலும் சமர்த்தாக இருந்து ஆட்டத்தில் மட்டும் பிங் அதிகம் என்றால் கோளாறு வீட்டுக்கு வெளியே. இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

கம்பியா, காற்றா

முதல் இடம் லேன் கேபிளுக்கு. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு சேனலில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அதற்காகவும் காத்திருக்கும். ஒரு பாக்கெட் சிதைந்தால் மறுபடி அனுப்பும். இந்தக் காத்திருப்பும் மறு அனுப்புதலும்தான் ஜிட்டராக நம் கையில் வந்து விழுகின்றன. கம்பியில் போவதும் வருவதும் ஒன்றையொன்று தடுக்காமல் ஒரே நேரத்தில் நடக்கும். யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை.

சண்டை ஆட்டக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 இரண்டிலும் எதிராளி கம்பியில் இருக்கிறாரா வைஃபையில் இருக்கிறாரா என்று சின்னம் காட்டும். வைஃபை சின்னத்தைப் பார்த்ததும் போட்டியை மறுத்துவிடுகிறவர்கள் உண்டு. வினாடிக்கு 60 பிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு பிரேம் 16.7 மில்லி வினாடி. வைஃபை ஒரு முறை தடுமாறினால் ஐந்தாறு பிரேம் போய்விடுகிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கேபிள் வாங்கும்போது கேட்-5இ போதும், கேட்-6 என்றால் இன்னும் நிம்மதி. இரண்டுமே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தாங்கும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் மூன்றிலும் இருப்பது ஒரு ஜிகாபிட் போர்ட்தான் என்பதால் கேட்-7, கேட்-8 என்று விற்கப்படுபவற்றால் கூடுதல் பயனில்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டியது முழுச் செம்பா என்பது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு உள்ள கேபிள்கள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. நீண்ட தூரத்திலும் அடிக்கடி மடங்கும் இடத்திலும் அவை ஏமாற்றும். கேபிளில் எட்டு இழைகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும், ஒரு ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு முனையைச் சரியாகக் கிரிம்ப் செய்யாவிட்டால், அதாவது பிளக்கில் இழைகளைச் சரியாக அழுத்திப் பொருத்தாவிட்டால், இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கன்சோலின் நெட்வொர்க் சோதனை எப்போதும் 95 பக்கமே காட்டினால் முதலில் அந்தப் பிளக்கைச் சந்தேகப்படுங்கள்.

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் மாடலின் டாக்கில், அதாவது டிவியோடு இணைக்கும் தாங்கியில், லேன் போர்ட் கிடையாது. யூஎஸ்பி அடாப்டர் வாங்க வேண்டும். 2021இல் வந்த ஓலெட் மாடலின் டாக்கிலும், 2025இல் வந்த ஸ்விட்ச் 2 டாக்கிலும் போர்ட் இருக்கிறது.

மாடிக்குக் கம்பி இழுப்பது எப்படி என்பதுதான் நடைமுறைக் கேள்வி. மின்கம்பி போகும் அதே குழாயில் லேன் கேபிளைத் திணிக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேட்காதீர்கள். பாதுகாப்புக்கும் நல்லதில்லை, சிக்னலுக்கும் நல்லதில்லை. படிக்கட்டுச் சுவரோரமாக பிவிசி கேசிங் அடித்து அதற்குள் விடுவது சுத்தமான வழி. வாடகை வீட்டில் துளை போட அனுமதி இல்லையென்றால் ஏசி குழாய்க்கு ஏற்கெனவே போட்ட துளை, ஜன்னல் ஓரம், கதவின் அடி என்று வழி தேடலாம். வீட்டுக்கு வெளியே, மொட்டை மாடி வழியாக இழுப்பதாக இருந்தால் வெயில் தாங்கும் வெளிப்புறக் கேபிள் வேண்டும். ஐப்பசி இடிமழையில் வெளியே நீளும் செம்புக் கம்பி கன்சோலின் போர்ட்டைச் சுடவும் கூடும். அந்த இடத்தில் செம்பைத் தவிர்ப்பதே மேல்.

இதைவிடச் சுலபமான ஒரு வழியைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. ஃபைபர் இணைப்புப் பெட்டியையே மாடிக்குக் கொண்டுபோய்விடலாம். வீட்டுக்குள் வரும் ஃபைபர் ஒயர் லேன் கேபிளைவிட மெல்லியது, அதன் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, உலோகக் கம்பி சேராத வகையாக இருந்தால் வெளிச்சுவரில் ஏறினாலும் இடி பயமில்லை. புது இணைப்புக்கு ஆள் வரும் நாளில் “பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள்” என்று சொன்னால் வேலை முடிந்தது. பழைய இணைப்பாக இருந்தால் இடமாற்றத்துக்குக் கொஞ்சம் கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம். கீழ்த்தளத்துக் கைபேசிகளுக்கு வைஃபை குறையும் என்பது உண்மை. ஆனால் யூடியூப் பார்க்கும் கைபேசி ஜிட்டரைப் பொறுத்துக்கொள்ளும், கன்சோல் பொறுக்காது. யாருக்கு அருகில் ரவுட்டர் இருக்க வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

கம்பிக்கு வழியே இல்லை என்றால் அடுத்த தேர்வு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, கன்சோலும் ரவுட்டரும் ஒரே அறையில் அல்லது ஒரு சுவர் இடைவெளியில் இருந்தால் மட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றில் அடைந்துகிடக்கும். புளூடூத்தும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறக்கப்பட்டது, இடத்துக்குப் பஞ்சமில்லை. அதன் குறை, கான்கிரீட் தளத்தைக் கண்டால் தளர்ந்துவிடும்.

5 கிகாஹெர்ட்ஸில் மூன்று அமைப்புகளைக் கையால் செய்யுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைக்கும் ஏற்பாட்டை நிறுத்தி, 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் கொடுங்கள். இல்லையென்றால் கன்சோல் தானாக 2.4க்கு நழுவும். சேனலை 36 முதல் 48க்குள் அல்லது 149 முதல் 161க்குள் நிலையாக வையுங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் அலை பட்டால் இடம் மாறும் ஏற்பாடு பல ரவுட்டர்களில் உண்டு, மாறும் அந்தக் கணத்தில் ஆட்டம் அறுந்துபோகும். சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் போதும், நெரிசலான குடியிருப்பில் 40 இன்னும் நிலையாக இருக்கும்.

வைஃபை 6 ரவுட்டர் வாங்கினால் பயன் உண்டா என்பது உங்கள் கன்சோலைப் பொறுத்தது. பிளேஸ்டேஷன் 5 வைஃபை 6 பேசும், பிளேஸ்டேஷன் 5 புரோ வைஃபை 7 வரை பேசும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் எஸ்ஸும் வைஃபை 5தான். 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. அதற்கு 5 கிகாஹெர்ட்ஸே தெரியாது. அதன் சொந்தக்காரர் எவ்வளவு விலையில் ரவுட்டர் வாங்கினாலும் 2.4இல்தான் விளையாடுவார். அவருக்குக் கேபிள் ஒன்றே வழி.

மெஷ் வைஃபை வீடு முழுக்கச் சிக்னல் பரப்ப நல்லது, ஆட்டத்துக்கு நடுத்தரம். மாடியில் வைக்கும் துணைப்பெட்டி கீழ்ப்பெட்டியோடு ரேடியோவில் பேசுகிறது, அதுவே கன்சோலோடும் பேசுகிறது. ஒவ்வொரு தாவலிலும் காத்திருப்பு கூடுகிறது. வாங்குவதாக இருந்தால் பெட்டிகள் தமக்குள் பேசத் தனி அலைவரிசை உள்ள டிரை-பேண்ட் மாடலை வாங்கி, கன்சோலைத் துணைப்பெட்டியின் லேன் போர்ட்டில் செருகுங்கள். அப்போது எதிராளியின் திரையில் உங்களுக்குக் கம்பிச் சின்னம் காட்டும், ஆனால் நடுவே ஒரு ரேடியோ தாவல் இருக்கத்தான் செய்கிறது. துணைப்பெட்டிக்கே கம்பி இழுக்க முடிந்தால் மெஷ் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பவர்லைன் அடாப்டர், அதாவது மின்கம்பி வழியாகவே டேட்டா அனுப்பும் சாதனம், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் அடிக்கடி பரிந்துரைப்பது. நம் வீடுகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால் சிக்னல் சரியாகத் தாண்டாது. இன்வெர்ட்டருக்குத் தனி ஒயரிங் போயிருந்தால் அதுவும் தடை. மின்விசிறி ரெகுலேட்டர், மலிவான எல்இடி பல்பு, மோட்டார் என்று எல்லாம் இரைச்சல் சேர்க்கும். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு கிடைத்தால் முயன்று பாருங்கள், அவ்வளவுதான்.

வரிசையில் நிற்கும் பாக்கெட்

கம்பி போட்டாகிவிட்டது, பகலில் ஆட்டம் வழவழப்பாக ஓடுகிறது. மாலையில் அக்கா காலேஜ் புராஜெக்ட்டைக் கிளவுடில் ஏற்றத் தொடங்கியதும் மறுபடி இழுக்கிறது. இதற்குத் தீர்வு இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது என்பதால் இந்த இடத்தில் நின்று பேச விரும்புகிறேன்.

இணைப்பின் வேகத்தைவிட அதிகமாக டேட்டா வந்தால் கருவி அதை ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கிறது. நினைவகம் மலிவாகிவிட்டதால் இந்த வரிசைகள் மிக நீளமாக அமைக்கப்பட்டிருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 மெகாபிட் இணைப்பில் ஒரு மெகாபைட் டேட்டா வரிசையில் நின்றால் அது கரைய 200 மில்லி வினாடி ஆகும். உங்கள் ஆட்டத்தின் சிறு பாக்கெட் அதற்குப் பின்னால் போய் நிற்கிறது. சுங்கச்சாவடியில் நூறு லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ்தான் அது. 200 மில்லி வினாடி என்றால் பன்னிரண்டு பிரேம்.

ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பில் இதைக் கவனித்து ஆராய்ந்து, பஃபர்ப்ளோட் என்ற பெயரில் உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள்: வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், அதில் ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்த்து வரிசையைக் கட்டுப்படுத்துவது. அதிலிருந்து வளர்ந்த எஃப்கியூ-கோடெல் 2018இல் இணையப் பொறியாளர் அமைப்பான ஐஇடிஎஃபின் சோதனைநிலை ஆவணமாக வெளிவந்தது. அதே ஆண்டில் கேக் என்ற இன்னும் செழுமையான வடிவம் லினக்ஸ் கர்னலில் சேர்ந்தது. ரவுட்டர் அமைப்புகளில் இவற்றை எஸ்கியூஎம் என்ற பெயரில் பார்க்கலாம்.

இதற்கும் சாதாரண கியூஓஎஸுக்கும் உள்ள வேறுபாடுதான் தேர்வின் மையம். கியூஓஎஸில் “கன்சோலுக்கு முதலிடம்” என்று ஒரு பட்டியல் போடுகிறீர்கள். உங்கள் ரவுட்டரில் வரிசை நின்றால்தான் அந்த முதலிடத்துக்கு மதிப்பு. வரிசை இணைய நிறுவனத்தின் பெட்டியிலோ அவர்கள் பக்கத்துக் கருவியிலோ நின்றால் உங்கள் பட்டியலை அங்கே யாரும் பார்ப்பதில்லை. எஸ்கியூஎம் வேகத்தை இணைப்பின் அளவைவிடச் சற்றுக் குறைவாக வரையறுத்து, வரிசையை உங்கள் ரவுட்டருக்கே கொண்டுவருகிறது. வந்த பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டு, குறைவாக அனுப்புகிறவற்றை முன்னால் விடுகிறது. ஆட்டம் எப்போதுமே குறைவாக அனுப்புவது. கன்சோலின் பெயரை எங்கும் எழுத வேண்டியதே இல்லை. அதற்கு வழி தானாகக் கிடைக்கிறது. வீட்டில் மற்றவர்களின் வீடியோவும் நிற்பதில்லை. இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது.

அமைப்பது எளிது. மாலை நேரத்தில் சில முறை வேகம் அளந்து, வழக்கமாகக் கிடைக்கும் அளவில் 90 விழுக்காட்டை இறங்கு வேகத்துக்கும் ஏற்று வேகத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 40 மெகாபிட் கிடைத்தால் 36. பிறகு வீடியோ ஏற்றும் அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிங் எகிறுவது நின்றுவிட்டால் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம்.

செலவு எங்கே வருகிறது என்றால், இணைய நிறுவனங்கள் கொடுக்கும் பெட்டிகளில் பொதுவாக எஸ்கியூஎம் இருப்பதில்லை. ரவுட்டருக்கான இலவச மாற்று மென்பொருளான ஓப்பன்-டபிள்யுஆர்டியை ஏற்றக்கூடிய ரவுட்டர் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். இந்த வேலையைச் செயலிதான் சுமக்கிறது. மலிவான ரவுட்டர் நூறு இருநூறு மெகாபிட்டுக்கு மேல் திணறும். வாங்குவதற்கு முன் அந்த மாடல் எஸ்கியூஎம்மோடு எத்தனை மெகாபிட் தாங்கும் என்று தேடிப் பாருங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட வைஃபை வேகம் இதற்குப் பதில் சொல்லாது.

எல்லா வீட்டுக்கும் இது வேண்டுமா? 300 மெகாபிட் ஃபைபர், வீட்டில் இரண்டு மூன்று பேர், சோதனையில் பிங் அசையவில்லை என்றால் வேண்டியதில்லை. 30, 40 மெகாபிட் பிளானில் நான்கு கைபேசி, ஒரு ஸ்மார்ட் டிவி, எப்போதும் கிளவுடுக்குப் படம் அனுப்பும் சிசிடிவி கேமரா உள்ள வீட்டில் பிளானை உயர்த்துவதைவிட இது முந்திக்கொள்ளும். வாங்க இயலாதவர்கள் கைபேசிகளின் புகைப்படக் காப்பை நள்ளிரவுக்கு மாற்றலாம், கேமராவின் தரத்தைக் குறைக்கலாம், இருக்கும் ரவுட்டரில் கருவிவாரி வேக வரம்பு இருந்தால் அதைப் போடலாம். பாதிப் பலன் கிடைக்கும்.

5ஜி வழியாக வீட்டு இணையம் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்துவது கடினம். அதில் கிடைக்கும் வேகம் கணத்துக்குக் கணம் மாறுவதால் 90 விழுக்காடு என்று எதை எழுதுவது? உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் ஆட்டத்துக்கு அதுவே தேர்வு, கேள்வியே இல்லை.

நேட்: எது போதும்

சொந்த ரவுட்டரை நிறுவனப் பெட்டிக்குப் பின்னால் மாட்டியதும் அடுத்த தலைவலி வருகிறது: முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கிறது. எக்ஸ்பாக்ஸில் டபுள் நேட் என்று எச்சரிக்கை வரும். நண்பர்களின் குரல் கேட்காது, பார்ட்டியில் சேர முடியாது. நிறுவனப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது முகவரி மாற்றாமல் டேட்டாவை அப்படியே கடத்தும் நிலைக்கு, மாற்றச் சொல்வது சரியான தீர்வு. மறுத்தால், அந்தப் பெட்டியின் டிஎம்இசட் அமைப்பில், அதாவது வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும் அமைப்பில், உங்கள் ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். டிஎம்இசட்டில் ரவுட்டரை வைப்பது சரி, அதற்குப் பின்னால் அதன் ஃபயர்வால் இருக்கிறது. கன்சோலையே நேரடியாக டிஎம்இசட்டில் வைக்கும் ஆலோசனை அடிக்கடி காதில் விழும். தேவையில்லாமல் எல்லாக் கதவையும் திறப்பது அது.

நேட் வகை பிங்கைக் குறைக்காது. யாரோடு இணைய முடியும் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. நிறுவன சர்வரில் ஓடும் ஆட்டங்களுக்கு அது பெரும்பாலும் பொருட்டே இல்லை. ஆட்டக்காரர்கள் நேருக்கு நேர் இணையும் சண்டை ஆட்டங்களிலும் குரல் அரட்டையிலும்தான் கடிக்கும். பிளேஸ்டேஷனில் டைப் 2 என்று வந்தால் போதும். டைப் 1 என்பது ரவுட்டரே இல்லாத நேரடி இணைப்பு, அதைத் துரத்தாதீர்கள். எக்ஸ்பாக்ஸில் ஓப்பன் என்று வருவது நல்லது.

அதைக் கொண்டுவர யுபிஎன்பி, போர்ட் ஃபார்வர்டிங் என இரண்டு வழி. இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் துளை அல்ல, டேட்டா நுழையும் எண்ணிட்ட வாசல். யுபிஎன்பி இருந்தால் கன்சோல் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே கேட்டுத் திறந்துகொள்ளும். இரண்டு கன்சோல் உள்ள வீட்டில் இதுவே வசதி. ஆனால் அதே உரிமை வீட்டிலுள்ள மலிவான கேமராவுக்கும் கிடைக்கிறது. ஒரே கன்சோல்தான் என்றால் நான் யுபிஎன்பியை மூடிவிட்டுக் கையால் திறப்பேன்: ரவுட்டரில் கன்சோலுக்கு மாறாத ஐபி ஒன்றை ஒதுக்கி, எக்ஸ்பாக்ஸுக்கு 3074, பிளேஸ்டேஷனுக்கு 3478, 3479 என்று தொடங்குவது. ஸ்விட்சுக்கு நின்டெண்டோ சொல்லும் 1024 முதல் 65535 வரை என்ற வரம்பு ஏறக்குறைய எல்லாப் போர்ட்டும். அதைவிட யுபிஎன்பி அடக்கமானது.

எல்லாம் செய்தும் மாறவில்லை என்றால் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நிறுவனமே உங்களைப் பல வாடிக்கையாளர்களோடு ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. 2011இல் ஆசியாவின் பழைய வகை முகவரி இருப்பு தீரும் நிலைக்கு வந்ததிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. மாதக் கட்டணத்தில் ஸ்டேடிக் ஐபி, அதாவது உங்களுக்கே உரிய மாறாத பொது முகவரி, கிடைக்குமா என்று கேட்கலாம். சர்வர் ஆட்டம் மட்டும் விளையாடுகிறவர் அந்தப் பணத்தையும் மிச்சப்படுத்தலாம்.

கேமிங் ரவுட்டர் பற்றி இனிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல செயலியும் எஸ்கியூஎம்முக்கு இணையான வசதியும் இருந்தால் வாங்கலாம், பெயருக்காக வேண்டாம். சில மாடல்களில் தொலைவான சர்வர்களைத் தடுக்கும் வசதி உண்டு. நம் நாட்டு நேரத்தில் ஆட்டக்காரர்கள் குறைவாக உள்ள ஆட்டத்தில் அதைப் போட்டால் போட்டியே கிடைக்காமல் காத்திருக்க நேரும். டிஎன்எஸ் மாற்றினால் ஆட்டத்தில் பிங் குறையும் என்பது பொய். சர்வரின் பெயரை முகவரியாக மாற்றிக் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது. இதைவிட, ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்குவது உருப்படியான செலவு. கன்சோலும் டிவியும் இன்வெர்ட்டரில் இருக்கும் வீட்டில் மின்வெட்டு ஆட்டத்தை அறுக்காது.

வீட்டுக்கு வெளியே

ரவுட்டர் வரை ஒரு மில்லி வினாடி, பாரம் ஏற்றினாலும் பிங் அசையவில்லை, இரவு ஒன்பது மணிக்கு மட்டும் ஆட்டத்தில் 120 என்றால் அது நிறுவனத்தின் வழித்தடம். முதலில் ஆட்டத்தின் அமைப்பில் சர்வர் இடம் தானாகத் தேர்வாகிறதா என்று பார்த்து, மும்பை இருந்தால் மும்பையையும் இல்லையென்றால் சிங்கப்பூரையும் கையால் தேர்ந்தெடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நிறுவனம் மாற வேண்டியதுதான். மாறும் முன் விளம்பரத்தையும் வேகச் சோதனை எண்ணையும் நம்பாதீர்கள். அதே தெருவில் அந்த இணைப்பு வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு ஒரு வார நாளின் இரவு ஒன்பது மணிக்குக் கன்சோலையும் ஒரு லேன் கேபிளையும் எடுத்துப் போய், நீங்கள் வழக்கமாக விளையாடும் ஆட்டத்தையே விளையாடிப் பாருங்கள்.